ராணுவச் சட்டத்தில் லஞ்சம்: ஒரே குற்றத்துக்கு ஏன் இத்தனை பிரிவுகள்?

"ராணுவத்தில் லஞ்சம் வாங்கிப் பிடிபட்டால் சுட்டுக் கொன்றுவிடுவார்கள்" என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். "அங்கே எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவார்கள்" என்று வேறு சிலர் அதே உறுதியோடு சொல்வார்கள். இரண்டுமே தவறு. ஆனால் ஆள்சேர்ப்பு முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் இந்த இரண்டு நம்பிக்கைகளும் அருகருகே குடியிருக்கின்றன. "ஒருவன் உயிரைப் பறித்த பாவம் நமக்கு எதற்கு" என்று முதல் நம்பிக்கை புகார் கொடுக்க விடாமல் தடுக்கிறது. கொடுத்தாலும் பயனில்லை என்று இரண்டாவது கையைக் கட்டிவிடுகிறது. நடுவில் இடைத்தரகர் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே பேசப்போவது இந்தியத் தரைப்படைக்கான 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தைப் பற்றி. விமானப்படைக்கு அதே ஆண்டில் ஒரு சட்டமும், கடற்படைக்கு 1957-ல் ஒரு சட்டமும் வந்தன. தரைப்படையின் சட்டம் புரிந்துவிட்டால் மற்ற இரண்டின் அடிப்படையும் பெருமளவு விளங்கிவிடும்.

## மொய்யிலிருந்து தொடங்குவோம்

திருமண வீட்டில் மொய் எழுதுகிறோம். பெயர், ஊர், தொகை மூன்றும் நோட்டில் ஏறுகின்றன. நாளை நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். அதை யாரும் லஞ்சம் என்று சொல்வதில்லை.

இப்போது மணமகனின் தந்தை பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஒருவர், அதற்கு முன் அறிமுகமே இல்லாதவர், மொய்க் கவரில் ஒரு லட்சம் ரூபாய் வைத்துவிட்டுப் போகிறார். கவர் அதே கவர்தான், பந்தல் அதே பந்தல்தான். ஆனால் கொடுத்ததன் தன்மை மாறிவிட்டது.

மாறியது என்ன? வாங்குபவரிடம் ஓர் அதிகாரம் இருக்கிறது. அவருக்கு ஓர் ஆதாயம் போய்ச் சேருகிறது. இந்த ஆதாயம் அந்த அதிகாரத்தை நோக்கியே கொடுக்கப்படுகிறது. இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் அது லஞ்சம். மூன்றாவது கண்ணியான நோக்கம் கண்ணுக்குத் தெரியாது. வழக்குகள் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அதில்தான்.

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், 2018-ல் திருத்தப்பட்ட பிறகு, இந்த ஆதாயத்துக்குத் தகாத ஆதாயம் என்ற பொருள்படும் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறது. சட்டப்படி உரிய ஊதியத்தைத் தவிர்த்து ஓர் அரசு ஊழியர் பெறும் எந்தப் பலனும் அதில் அடங்கும். பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மதுப்புட்டிகள், விமான டிக்கெட், உறவினருக்கு வேலை எல்லாமே ஆதாயம்தான். ராணுவ வீரரும் அதிகாரியும் இந்தச் சட்டத்தின் பார்வையில் அரசு ஊழியர்களே.

## வேலை நடக்கவில்லை என்றால் லஞ்சம் இல்லையா?

"பணத்தை வாங்கினார், ஆனால் எதுவும் செய்து கொடுக்கவில்லையே" என்று பலர் கேட்பார்கள். இதற்கு 2001-ல் நாடே பார்த்த ஒரு பதில் இருக்கிறது.

தெஹல்கா இணையதளத்தின் செய்தியாளர்கள் இல்லாத ஓர் ஆயுத நிறுவனத்தின் பிரதிநிதிகளாக நடித்து, இருட்டில் வெப்பத்தைக் கொண்டு ஆளைக் காட்டும் கருவிகளை ராணுவத்துக்கு விற்பதாகச் சொல்லிக்கொண்டு அரசியல்வாதிகளையும் அதிகாரிகளையும் அணுகினார்கள். ரகசியக் கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்தது. நிறுவனம் பொய், விற்பனையும் பொய். வாங்கியவர்கள் நினைத்திருந்தாலும் அந்த "வேலை" ஒருநாளும் முடிந்திருக்காது. ஆனாலும் ராணுவ அதிகாரிகள் சிலர் உள்விசாரணையையும் பிறகு ராணுவ நீதிமன்றத்தையும் சந்தித்தார்கள். அன்று பாரதிய ஜனதா கட்சியின் தலைவராக இருந்த பங்காரு லட்சுமணுக்கு, ஒரு லட்சம் ரூபாய் வாங்கியதற்காக, 2012-ல் டெல்லியில் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

அந்த ஒரே சம்பவத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கேட்டதும் வாங்கியதும் நிரூபிக்கப்பட்டாலே குற்றம் முழுமை பெறுகிறது, வேலை நடந்ததா என்பது அதற்குப் பிறகான கேள்வி. இன்னொன்று: ஒரே வலையில் சிக்கியவர்களில் சீருடை அணிந்தவர்கள் ஒரு வாசலுக்கும், அணியாதவர் வேறொரு வாசலுக்கும் போனார்கள். ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

இதுவரை சொன்னதன் சாரம்: அதிகாரம், ஆதாயம், இரண்டையும் கட்டும் நோக்கம் மூன்றும் சேர்ந்தால் லஞ்சம். வேலை முடிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

## ராணுவத்துக்குத் தனிச் சட்டம் எதற்கு?

ஒரு மாணவர் விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வெளியே போகக் கூடாது என்பது விடுதியின் விதி. அதை மீறினால் காவல்துறைக்கு வேலையில்லை, வார்டனுக்குத்தான் வேலை. திருட்டோ அப்படியல்ல. அது நாட்டின் சட்டப்படியே குற்றம். இப்போது விடுதி விதிப் புத்தகத்தின் கடைசியில் "நாட்டின் சட்டப்படி குற்றமான எதுவும் இந்த விடுதியின் விதிப்படியும் குற்றமே" என்று ஒரு வரி இருந்தால்? திருடிய மாணவனை வார்டனும் விசாரிக்கலாம், போலீசும் விசாரிக்கலாம்.

ராணுவச் சட்டம் ஏறக்குறைய அந்தப் புத்தகம். கட்டளைக்குக் கீழ்ப்படியாமை, பணியிலிருந்து ஓடிப்போதல் போன்ற, சீருடையில் இருப்பவருக்கு மட்டுமே உரிய குற்றங்கள் அதில் இருக்கின்றன. நான் சொன்ன அந்தக் கடைசி வரியும் இருக்கிறது. அது 69-ஆம் பிரிவு. படையினரின் ஒழுங்குக்காக அவர்களுடைய அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் மட்டுப்படுத்தலாம் என்று அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு அனுமதிப்பதால், இப்படி ஒரு தனி ஏற்பாடு சட்டப்படி நிற்கிறது.

## "லஞ்சம்" என்று ஒரே ஒரு பிரிவு இல்லை

இங்கேதான் பெரும்பாலானோர் வழி தவறுகிறார்கள். ராணுவச் சட்டத்தைத் திறந்து, எல்லா லஞ்சத்துக்கும் பொதுவான ஒரு பிரிவைத் தேடினால் கிடைக்காது. 53-ஆம் பிரிவின் தலைப்பில் "ஊழல்" என்ற பொருள்படும் சொல் இருக்கிறது. ஆனால் உள்ளே படித்தால், மிரட்டிப் பறிப்பதையும், அதிகாரமின்றி ஒருவரிடமிருந்து பணமோ உணவுப் பொருளோ உழைப்போ வசூலிப்பதையும் பற்றித்தான் பேசுகிறது. யார் வாங்கினார், எதற்காக வாங்கினார் என்பதைப் பொறுத்து வழக்கு வெவ்வேறு பிரிவுகளுக்குப் போகிறது. மூன்று கற்பனைக் காட்சிகளை வைத்துப் பார்ப்போம்.

முதல் காட்சி. ஒரு சோதனைச் சாவடியில் நிற்கும் வீரர், போகும் லாரி ஒவ்வொன்றிடமும் நூறு ரூபாய் வாங்குகிறார். ஓட்டுநர் எந்தச் சலுகையும் கேட்கவில்லை, வழிவிட்டால் போதும். இது 53-ஆம் பிரிவு. உச்ச தண்டனை பத்து ஆண்டு சிறை. "உழைப்பு" என்ற சொல்லைக் கவனியுங்கள்: அக்கம்பக்கத்து மக்களைக் கூலியில்லாமல் வேலை வாங்குவதும் இதே பிரிவின் கீழ்தான் வருகிறது. சட்டத்தை எழுதியவர்களுக்கு, துப்பாக்கி ஏந்தியவன் சாதாரண மக்களிடம் என்னவெல்லாம் கேட்க முடியும் என்பது தெரிந்திருக்கிறது.

இரண்டாவது காட்சிதான் நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது. ஒரு படைப்பிரிவின் அலுவலகத்தில் இருப்பவர், விடுப்பு விண்ணப்பத்தை நகர்த்த இரண்டாயிரம் கேட்கிறார். அல்லது ஓர் இளைஞனைப் படையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி அவன் தந்தையிடம் மூன்று லட்சம் வாங்குகிறார். இதற்கென்றே எழுதப்பட்டது 64-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு. ஆள்சேர்ப்பு, விடுப்பு, பதவி உயர்வு, அல்லது பணியில் இருக்கும் யாருக்காவது வேறு ஏதாவது சலுகை பெற்றுத்தருவதற்காக ஆதாயம் வாங்கினால் குற்றம். வாங்க ஒப்புக்கொண்டாலும் குற்றம், வாங்க முயன்றாலும் குற்றம். தனக்காக வாங்கினாலும் பிறருக்காக வாங்கினாலும் ஒன்றுதான். நேரடியாகவா, ஆள் வைத்தா என்ற வேறுபாடும் கிடையாது. தண்டனை ஏழு ஆண்டுவரை. ராணுவச் சட்டத்தில் நாம் பேச்சுவழக்கில் சொல்லும் "லஞ்சம்" அப்படியே இருக்கும் இடம் இது ஒன்றுதான். எல்லை மட்டும் குறுகியது: எல்லாமே படைக்குள் இருக்கும் சலுகைகள்.

மூன்றாவது காட்சி அந்த எல்லைக்கு வெளியே போகிறது. மட்டமான பருப்பை நல்ல பருப்பு என்று ஏற்றுக்கொள்ள ஓர் அதிகாரி ஒப்பந்ததாரரிடம் பணம் வாங்குகிறார். ஆள்சேர்ப்பும் இல்லை, விடுப்பும் இல்லை, மிரட்டலும் இல்லை. இரு தரப்பும் சிரித்துக்கொண்டே முடித்த வியாபாரம். விடுதிப் புத்தகத்தின் கடைசி வரி இங்கே வேலை செய்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, அரசு ஊழியர் தகாத ஆதாயம் பெறுவதற்குக் குறைந்தது மூன்று ஆண்டும் அதிகபட்சம் ஏழு ஆண்டும் சிறை விதிக்கிறது. 69-ஆம் பிரிவு என்ற பாலத்தின் வழியாக அந்தக் குற்றத்தை ராணுவ நீதிமன்றத்துக்குக் கொண்டுவரலாம். ஊழல் தடுப்புச் சட்டமும் தன் 25-ஆம் பிரிவில், ராணுவ நீதிமன்றங்களின் அதிகாரத்தைத் தான் பாதிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

இவற்றுக்குப் பின்னால் துணைப் பிரிவுகளும் நிற்கின்றன. அரசுக்கு மோசடியாக நஷ்டம் ஏற்படுத்தியது தெரிந்தால் 52-ஆம் பிரிவின் ஆறாம் உட்பிரிவு, பத்து ஆண்டுவரை. ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் கேடான செயல் என்றால் 63-ஆம் பிரிவு, ஏழு ஆண்டுவரை. பதவிக்குத் தகாத நடத்தை என்றால் 45-ஆம் பிரிவு. இந்தக் கடைசிப் பிரிவு அதிகாரிகளுக்கும், சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகளுக்கும் மட்டும் உரியது, சிப்பாய்க்குப் பொருந்தாது. அதன் தண்டனையும் சிறை அல்ல, பதவி பறிப்பு.

ஏன் இத்தனை? நோக்கத்தை நிரூபிப்பது கடினம் என்று முன்பே சொன்னேன். ஒப்பந்ததாரர் கொடுத்த விருந்தில் ஓர் அதிகாரி கலந்துகொண்டது தெரிகிறது, பரிசு வாங்கியதும் தெரிகிறது, ஆனால் பதிலுக்கு என்ன பேசப்பட்டது என்பதற்குச் சாட்சி இல்லை. லஞ்சக் குற்றச்சாட்டு அங்கே தடுமாறலாம். "பதவிக்குத் தகாத நடத்தை" தடுமாறாது. குற்றப்பத்திரிகையில் மாற்றுக் குற்றச்சாட்டுகளையும் சேர்த்து வைப்பதற்குக் காரணம் இதுவே.

சுருக்கமாக: பறித்தால் 53, படைக்குள் சலுகைக்காக வாங்கினால் 64, மற்ற லஞ்சங்களுக்கு 69 வழியாக ஊழல் தடுப்புச் சட்டம். ஆதாரம் அரைகுறையாக இருந்தால் 63, 45 பிரிவுகள்.

## மரண தண்டனை பற்றிய கதை

மேலே சொன்ன லஞ்சக் குற்றங்கள் எதற்கும் மரண தண்டனை இல்லை. இந்தக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்பது ஊகிக்கக்கூடியதே. பணத்துக்காக எதிரிக்குத் தகவல் கொடுப்பது 34-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அதற்கு மரண தண்டனை உண்டு. அங்கே பணம் கைமாறினாலும் குற்றத்தின் பெயர் லஞ்சம் அல்ல, துரோகம். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கியதால் வந்த குழப்பம் இது.

## யார் விசாரிப்பது?

ஒரே குற்றத்தை ராணுவ நீதிமன்றமும் விசாரிக்கலாம், சாதாரணக் குற்றவியல் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்ற நிலை வந்தால், முதலில் முடிவெடுப்பவர் குற்றம் சாட்டப்பட்டவர் பணியாற்றும் டிவிஷன் அல்லது அதைப் போன்ற பெரிய படை அமைப்பின் தளபதி. இது 125-ஆம் பிரிவு. குற்றவியல் நீதிமன்றம் அதை ஏற்காமல் "எங்களிடம் ஒப்படையுங்கள்" என்று கேட்டால், 126-ஆம் பிரிவின்படி விஷயம் மத்திய அரசுக்குப் போகிறது. அரசின் முடிவே இறுதி. ஒருமுறை ஒரு வாசலில் தீர்ப்பாகிவிட்டால் அதே குற்றத்துக்காக மறு வாசலில் மீண்டும் விசாரணை கிடையாது.

ராணுவ வளாகத்துக்குள் நடக்கும் எல்லா லஞ்சமும் ராணுவ நீதிமன்றத்துக்குப் போகும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ராணுவக் கட்டுமானப் பிரிவிலும் கணக்கு அலுவலகங்களிலும் சீருடை அணியாத ஊழியர்கள் பலர் இருக்கிறார்கள். சாதாரண காலத்தில் அவர்கள் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் அல்லர். "ராணுவப் பொறியாளர் லஞ்சம் வாங்கிக் கைது" என்று செய்தி வந்தால், அவர் சீருடை அணிந்தவரா என்பதை முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

## உள்ளே நடப்பது என்ன?

புகார் வந்ததும் பொதுவாக முதலில் கூடுவது உள்விசாரணைக் குழு. ஆங்கிலத்தில் அதன் பெயரிலும் "நீதிமன்றம்" என்ற சொல் இருப்பதால், அதையே தீர்ப்பு என்று செய்திகள் குழப்பிக்கொள்கின்றன. உண்மையில் அது தகவல் திரட்டும் குழுதான், யாரையும் தண்டிக்க முடியாது. ஒருவரின் நற்பெயர் அங்கே கேள்விக்குள்ளானால், விசாரணை முழுவதும் உடனிருந்து சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்கும் வாய்ப்பை அவருக்கு அளிக்க வேண்டும் என்று ராணுவ விதிகளின் 180-ஆம் விதி சொல்கிறது.

பிறகு கட்டளை அதிகாரி குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் சாட்சிகளைக் கேட்கிறார். முகாந்திரம் இருந்தால் சாட்சியங்கள் எழுத்தில் தொகுக்கப்படுகின்றன. அதைப் படித்துப் பார்த்து மேலதிகாரி ராணுவ நீதிமன்றத்தைக் கூட்டுகிறார்.

ராணுவ நீதிமன்றத்தில் நான்கு வகை உண்டு. அதிகாரிகளை விசாரிக்க வழக்கமாகக் கூடுவது பொது ராணுவ நீதிமன்றம். குறைந்தது ஐந்து அதிகாரிகள் அமர வேண்டும். சட்ட அதிகாரி ஒருவரும் உடனிருந்து ஆலோசனை சொல்வார், ஆனால் அவருக்கு வாக்கு இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கென்று வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். நாட்டின் சாட்சியச் சட்டம்தான் இங்கேயும். முடிவு பெரும்பான்மை வாக்கால். வாக்குகள் சமமானால் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்றும் இதில் இருக்கிறது: கருத்துச் சொல்வது பதவியில் மிக இளையவரிலிருந்து தொடங்க வேண்டும். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் இளையவர் அதை மறுத்துப் பேசத் தயங்குவார் என்பதை அறிந்து எழுதப்பட்ட விதி அது.

தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் அது நடைமுறைக்கு வந்துவிடாது. உறுதிசெய்யும் அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்ட பிறகே செல்லும். அதற்கு மேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு, 2009 முதல் இயங்கும் இதன் முதன்மை அமர்வு டெல்லியில் இருக்கிறது. சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு.

"உள்ளுக்குள்ளேயே முடித்துவிடுவார்கள்" என்ற பேச்சுக்கும் ஓர் அடிப்படை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. விசாரணை நடத்துவது பொருத்தமற்றது அல்லது சாத்தியமற்றது என்று கருதினால், எழுத்து மூலமான கண்டனம், பணிநீக்கம் போன்ற நிர்வாக நடவடிக்கையோடு நிறுத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. அப்போது வெளியுலகம் பார்க்கும்படியான வழக்கு எதுவும் இருக்காது. இந்த வழி அளவோடு பயன்பட வேண்டும் என்பதே என் எண்ணம். விசாரணை நடந்தால்தான் நிரபராதிக்கும் தன் பெயரை மீட்டுக்கொள்ள மேடை கிடைக்கும்.

## ஓய்வு பெற்றுவிட்டால்?

ராணுவ நீதிமன்றத்துக்குக் கால வரம்பு உண்டு. குற்றம் நடந்த நாளிலிருந்தோ, உரிய அதிகாரிக்கு அது தெரியவந்த நாளிலிருந்தோ மூன்று ஆண்டுகள். பணியை விட்டுப் போனவரையும் விசாரிக்கலாம், ஆனால் அவர் விலகிய மூன்று ஆண்டுகளுக்குள் விசாரணை தொடங்கியிருக்க வேண்டும். அதோடு கதை முடிவதில்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் சிறப்பு நீதிமன்றம் லஞ்ச வழக்கை விசாரிக்க இப்படி ஒரு கால வரம்பு கிடையாது. ராணுவத்தின் வாசல் மூடினாலும் மற்ற வாசல் திறந்தே இருக்கும்.

## கொடுத்தவர் நிலை

பணம் கொடுத்த தந்தைக்குத் திரும்புவோம். அவர் சீருடைக்காரர் அல்லர், ராணுவச் சட்டம் அவரைத் தொடாது. ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. "நான் ஏமாந்தவன்" என்று சொன்னால் மட்டும் போதாது.

பணம் வாங்கியவர் படையோடு தொடர்பே இல்லாத தரகர் என்றால் ராணுவ நீதிமன்றம் அவரை விசாரிக்க முடியாது. அரசு ஊழியரை வசப்படுத்தித் தருகிறேன் என்று வாங்கியிருந்தால் ஊழல் தடுப்புச் சட்டம் அவரைப் பிடிக்கும். எவரையும் தெரியாமலே கதை விட்டு வாங்கியிருந்தால் அது மோசடி, உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம்.

அந்த 8-ஆம் பிரிவிலேயே ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர், கொடுத்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அந்தப் பிரிவு அவர்மீது பாயாது. கொடுப்பதற்கு முன்பே தெரிவித்துவிட்டு, வாங்குபவரைப் பிடிக்க உதவுவதற்காகக் கொடுத்தாலும் அப்படியே. லஞ்சம் கேட்டதும் வாங்கியதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் மீண்டும் வலியுறுத்தியது. சாட்சி பிறழ்ந்தாலோ இறந்துபோனாலோ சூழ்நிலை ஆதாரங்களைக் கொண்டும் நிரூபிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே அந்த ஏழு நாட்களுக்குள் போகும்போது, தொலைபேசியில் வந்த செய்திகளையும் பணம் எடுத்த வங்கிக் கணக்கின் விவரத்தையும் அழிக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.